பதினோரு நிமிடக் காத்திருப்பு

இன்னும் இருபத்தைந்து மணி நேரம் இருந்தது.

நூற்று நாற்பத்தெட்டுத் தாள்களில் நூற்று நாற்பத்தேழு முடிந்துவிட்டன. அவை சின்னவளின் மேசையில் இடப்பக்கம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வலப்பக்கம் ஒரே ஒரு தாள். அதிலும் ஆறு வரிகளில் ஐந்து நிரம்பியிருந்தன.

நாளைக் காலை பத்து மணிக்கு ரத்த வங்கியின் தொழில்நுட்ப அதிகாரி வருகிறார். அவருக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, ரத்தப் பைகள் வைக்கும் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் மென்பொருள். இன்னொன்று, அந்த மென்பொருளின் விளக்கப் புத்தகம். முதலாவதைப் பெரியவள் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டாள். இரண்டாவதை யாருமே எழுதவில்லை. அதற்காகத்தான், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்த தங்கையை நான்கு மாதங்களுக்கு முன் இங்கே இழுத்து வந்தாள்.

இங்கே என்பது சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள், பின்புறம் ஒரு பட்டறை. கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். அக்கா, தங்கை, அப்பா.

மென்பொருளுக்குள் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிற சிறு துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஒரு ஃபங்ஷன் வெப்பநிலையைப் படிக்கும். இன்னொன்று கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும். மற்றொன்று மணி அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் அதே ஆறு வரிகள், அதே வரிசையில் என்பது சின்னவளின் ஏற்பாடு. என்ன செய்கிறது. எதைத் தர வேண்டும். எந்த அலகில். எதைத் திருப்பித் தரும். எப்போது தவறும். ஏன் இப்படி.

முதல் வாரமே பெரியவளுக்கு இந்த வரிகள் பிடிக்காமல் போயின. அவள் எழுதிய ஃபங்ஷன்களில் வெப்பநிலையைப் படிப்பவை மட்டும் மூன்று இருந்தன. ஒன்றின் பெயர் ‘பார்’, ஒன்று ‘எடு’, ஒன்று ‘கொண்டு வா’. முதல் இரண்டும் விடையை டிகிரியில் தந்தன. மூன்றாவது டிகிரியில் பத்தில் ஒரு பங்காகத் தந்தது. நாலு டிகிரி என்றால் நாற்பது என்று சொல்லும். அது எங்கேயும் எழுதப்படவில்லை. பெரியவளின் தலைக்குள் இருந்தது.

சின்னவளுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி அக்காவின் கணினித் திரை ஓரத்தில் ஒட்டிவிடுவாள். ‘இது டிகிரியா, பத்தில் ஒன்றா?’ ‘சென்சார் கழன்றுவிட்டால் என்ன திரும்பும்?’ ‘இந்த வரியில் “தொடாதே” என்று இருக்கிறது. யாருக்கு?’ பதிலும் சீட்டில்தான் வரும். கடைசிக் கேள்விக்கு வந்த பதில், ‘எனக்கு.’

“எழுதினவளுக்கே வராத கேள்வியெல்லாம் உனக்கு மட்டும் எங்கேருந்துடி வருது?” என்று போன வாரம் கேட்டாள் பெரியவள். ஆனால் மூன்று ஃபங்ஷன்களுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்து, எல்லாவற்றையும் டிகிரிக்கு மாற்றினாள். மாற்றும்போது தன்னுடைய பழைய பிழை ஒன்றைத் தானே கண்டுபிடித்தாள். அதைச் சொல்லாமல் இரண்டு நாள் தங்கைக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

வலப்பக்கத்துத் தாள், ‘காத்திரு’ என்ற ஃபங்ஷனுடையது. கணினிக்கு எழுதிய கோடில் அது மொத்தம் ஏழு வரி.

குளிர்பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சூடாகும். அதற்கெல்லாம் மணி அடித்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எரிச்சலில் மணியையே அணைத்துவிடுவார்கள். அதனால் காற்று ஆறு டிகிரியைத் தாண்டினாலும் இந்த ஃபங்ஷன் கொஞ்சம் பொறுக்கும். பதினோரு நிமிடம். அதற்குள் காற்று குளிரவில்லையென்றால் மணி அடிக்கும். காற்று சூடாகும் வேகத்தில் பைக்குள் இருக்கும் ரத்தம் சூடாகாது என்பதுதான் இதன் தைரியம். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்துக்குள் ரத்தமும் ஆறைத் தாண்டி வீணாகிவிட்டால், மணி அடித்துப் பயனில்லை.

ஏன் இப்படி என்ற வரி காலியாக இருந்தது. ஏன் பதினொன்று? ஏன் எட்டு இல்லை, ஏன் இருபது இல்லை?

கோடில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பெரியவள் இரண்டே சொற்கள் எழுதியிருந்தாள். ‘அப்பா அளந்தது.’

சின்னவள் சீட்டு ஒட்டினாள். பதில் வந்தது. ‘அதான் எழுதியிருக்கே. அப்படியே போடு.’

அப்படியே போட்டிருக்கலாம். எத்தனை பைகளை வைத்து அளந்தார், அறை எவ்வளவு சூடாக இருந்தது என்ற இரண்டு விவரம் மட்டும் சேர்த்தால் வரி முழுமையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பின்படியில் இறங்கிப் பட்டறைக்குப் போனாள்.

அப்பா ஒரு குளிர்பெட்டியின் கதவில் ரப்பர் பட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பெரிய குளிர்பதனக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பெரியவள் தனியாகக் கம்பெனி தொடங்கியபோது அந்த வேலையை விட்டுவிட்டு அவளோடு வந்து சேர்ந்தார். இங்கே யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். “பெரியவ ஒரு கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டுத் தனியா நின்னா. நான் ஸ்பேனரைத் தூக்கிட்டுப் போய் பக்கத்துல நின்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.” ஒவ்வொரு தடவையும் பெரியவள் அதை முதன்முறை கேட்பதுபோலச் சிரிப்பாள்.

எத்தனை பை வைத்து அளந்தீர்கள் என்று சின்னவள் கேட்டதற்கு அவர் நிமிரவில்லை. நிறைய இருந்தது என்றார். நிறைய என்றால் எத்தனை என்றாள். அதெல்லாம் நோட்டில் இருக்கும், பச்சை அட்டை போட்டது, அலமாரியில் மேல்தட்டில் பார் என்றார்.

நோட்டு இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. கீழே மூன்று வரி. இரண்டு மணி, பதினோரு நிமிடம். இரண்டு இருபது, பதினோரு நிமிடம். இரண்டு நாற்பது, பதினோரு நிமிடம். அவ்வளவுதான். பைகளின் எண்ணிக்கையைக் காணோம்.

அவள் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இயற்பியல் படித்த மூன்று ஆண்டுகளில் எந்த அளவையும் அவளால் மூன்று தடவை ஒரே மாதிரி எடுக்க முடிந்ததில்லை. ஊசலின் நேரம்கூடக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். அப்பாவின் கை அவ்வளவு சுத்தமா? பொறாமையாகக்கூட இருந்தது. எப்படிச் செய்தார் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

பட்டறையில் சோதனைக்கென்று ஒரே மாதிரியான மூன்று பெட்டிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் நிரப்பிய பைகளும் உள்ளேயே இருக்கும். முதல் பெட்டியில் நாற்பது பைகளை வைத்தாள். இரண்டாவதில் இருபது. மூன்றாவதில் ஆறு. எல்லாம் நாலு டிகிரி. ஒவ்வொரு பெட்டியிலும் கதவோரம் இருக்கும் பைக்குள் ஒரு சென்சாரைச் செருகினாள். அப்பா ரப்பர் பட்டையோடு வெளியே போய்விட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பத்தரைக்கு முதல் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தாள். பை ஆறு டிகிரியைத் தொடப் பதினேழு நிமிடம் ஆனது. இரண்டாவது பெட்டிக்குப் பதின்மூன்று.

மூன்றாவதன் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். எட்டாவது நிமிடம் எண் ஆறைத் தாண்டியது.

அவள் கடிகாரத்தை மறுபடி பார்த்தாள். எட்டுதான். ஆறே ஆறு பைகள் என்றால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள ஆளில்லை, வெளிக்காற்று எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. யோசித்தால் புரிகிற விஷயம்தான். இதுவரை இந்த மென்பொருளை வாங்கிய இரண்டு ஆஸ்பத்திரிகளும் பெரியவை, பெட்டி நிரம்பியே இருக்கும். ரத்த வங்கி இதைப் பொருத்தப்போவது நாற்பது பெட்டிகளில். அவற்றில் இருபத்திரண்டு, சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு. அங்கே ஐந்து பை, ஆறு பைதான் இருக்கும்.

பதினோரு நிமிடம் காத்திருந்தால் அங்கே மணி மூன்று நிமிடம் தாமதம்.

ஒரு தடவை அளந்தது போதாது. மூன்றாவது கதவையும் மூடினாள். பைகள் திரும்ப நாலுக்கு வந்ததும் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பைகள் நாலுக்கு வரவில்லை. கால் மணி நேரம் கழித்து ஐந்து புள்ளி ஒன்பது. அரை மணி கழித்து ஐந்தரை. அவள் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அப்போதும் வரவில்லை. கடைசியில், கதவை மூடி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனபின் ஆறு பை வைத்த பெட்டி நாலைத் தொட்டது. மற்ற இரண்டுக்கும் இன்னும் நேரம் பிடிக்கும் போலிருந்தது.

நோட்டு மடியில் திறந்தே கிடந்தது. இரண்டு மணி. இரண்டு இருபது. இரண்டு நாற்பது.

முதலில் அவளுக்குப் புரிந்த மாதிரி இல்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் நோட்டை மூடினாள், யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல.

பெரியவள் மேலே தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘இது சரி’ என்று அவள் கையெழுத்திட வேண்டும் என்பது ரத்த வங்கியின் நிபந்தனை. நூற்றுப் பத்து வரை வந்திருந்தாள். சின்னவள் ஒட்டிய சீட்டைக் கையெழுத்துக்கு நடுவில் ஓரக்கண்ணால் படித்தாள். பேனா நின்றது.

சீட்டில் இருந்தது இவ்வளவுதான். ‘ஆறு பைக்கு எட்டு நிமிடம். ஒருமுறை சூடான பை குளிர ஒன்றே முக்கால் மணி நேரம். நோட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளந்ததாக இருக்கிறது.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எட்டு நிமிட விஷயம் அவளுக்கு உடனே உறைத்தது. எண்ணை மாற்றிவிடலாம், அரை நாள் வேலை என்றாள். கடைசி வரியைத்தான் ஏற்கவில்லை. வேறு வேறு பைகளை வைத்து அளந்திருப்பார் என்றாள். நேரத்தைக் குத்துமதிப்பாகக் குறித்திருப்பார் என்றாள். இருபத்தாறு வருஷ மெக்கானிக்கை நாலு மாதமாக வந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி சந்தேகப்படுவதா என்றும் கேட்டாள். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சின்னவள் மெல்லச் சொன்னாள். “சந்தேகப்படல அக்கா. அந்த வரியில என்ன எழுதறதுன்னு கேக்கறேன்.”

“அளந்து வச்சதுன்னு எழுது. பழைய எண் அப்பா அளந்தது, புது எண் நீ அளந்தது. முடிஞ்சுது.”

“அளந்தாரான்னு தெரியாம அப்படி எப்படி எழுதறது? நீதானே கீழ கையெழுத்துப் போடணும்.”

பெரியவள் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். அவளுக்கு எண் ஒரு பொருட்டே இல்லை என்று சின்னவளுக்குத் தெரிந்தது. எண்ணை மாற்றலாம். ஆறு ஆண்டுகளாக அவள் எந்த இடத்தில் காலை ஊன்றி நிற்கிறாளோ, அந்த இடத்தை அல்லவா சீட்டு தொட்டுவிட்டது. வங்கிக் கடன் கிடைக்காதபோதும், முதல் ஆஸ்பத்திரி இழுத்தடித்தபோதும், கட்டிக்கப்போகிறவன் இதெல்லாம் சரிப்படாது என்று ஒதுங்கிப் போனபோதும் அவள் சொன்னது ஒன்றுதான். அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்தார்.

“வா, கேப்போம்,” என்று எழுந்தாள். “நீயே கேளு. எனக்கு வாய் வராது.”

நாலு மணிக்கு அப்பா திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் பட்டறையில் இருந்தார்கள். பெரியவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். சின்னவள் மேசைமேல் அந்தத் தாளையும் பச்சை நோட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று பெட்டிகளிலும் சென்சார் கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அப்பா கம்பிகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். தோள்பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

“என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து விசாரணைக் கமிஷன் வச்சிருக்கீங்க?” என்றார் துண்டில் துடைத்துக்கொண்டே.

சின்னவளுக்குக் காது சூடானது. சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“ரெண்டு மணிக்கு ஆறு டிகிரிக்குப் போன பை, ரெண்டு இருபதுக்குள்ள மறுபடி நாலுக்கு எப்படிப்பா வந்துச்சு?”

அப்பா நோட்டை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். அந்த மூன்று வரிகளையும் வேறு யாரோ எழுதியதுபோலப் படித்தார். மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, சந்தோஷம் இல்லாத சிரிப்பு.

“இதை எங்கிட்ட வேலை பாக்கறவன் எவனாவது எழுதிட்டு வந்திருந்தா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

“மூணு ஃபிரிட்ஜ்ல அளந்திருப்பீங்க,” என்றாள் பெரியவள் கதவிலிருந்து. “ஒண்ணு மாத்தி ஒண்ணா. அதானே?”

அது தப்பிக்க ஒரு வழி. சின்னவளுக்கே அந்த வழி பிடித்திருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தாளை நிரப்பிவிட்டு மூன்று பேரும் மேலே போகலாம்.

அப்பா தலையை ஆட்டினார். “அப்ப நம்மகிட்ட இருந்ததே ஒரு ஃபிரிட்ஜ்தாம்மா.”

ஒரு கம்ப்ரஸர் நின்றது, இன்னொன்று ஓட ஆரம்பித்தது.

“அளக்கல,” என்றார். “மறுநாள் காலையில நீ வந்து எண் என்னன்னு கேட்ட. பதினொன்னுன்னு சொன்னேன். பத்துன்னு சொன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றேன்னு தெரிஞ்சுடும். பதினொன்னுன்னா அளந்த மாதிரி இருக்கும். அப்புறம்தான் நோட்டுல எழுதினேன். நிறைஞ்ச பெட்டிக்கு அது போதும்னு எனக்குத் தெரியும், கை சொல்லும். அஞ்சாறு பை மட்டும் இருக்கற பெட்டியை நான் யோசிக்கல.”

சின்னவள் பேனாவை எடுத்தாள். ஏன் இப்படி என்ற வரிக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. புதிதாக அளந்து, எண்ணை மாற்றி, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்க அது போதும். அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பெரியவளுக்கு இல்லை. அவள் கதவுநிலையை விட்டு உள்ளே வந்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, நோட்டின் தேதிமேல் விரலை வைத்தாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பட்டறைச் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முதல் ஆர்டருக்காக வெளியூர் போயிருந்தாள். கம்பெனி தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது அப்பா களைத்துப் போய், வெளுத்த முகத்தோடு இருந்தார். நாள் முழுக்க குளிர்பெட்டி முன்னாடியே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவள் அவர் காலை அமுக்கிவிட்டாள்.

“அளக்கலன்னா விடுங்க. எண்ணை மாத்திக்கலாம்,” என்றாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. “நாள் முழுக்க இங்கதான் இருந்தேன்னு எங்கிட்ட சொன்னீங்களே அப்பா. அன்னைக்கு எங்க இருந்தீங்க?”

அப்பா கண்ணாடியைக் கழற்றி நோட்டின்மேல் வைத்தார். சின்னவளைப் பார்த்தார். அவள் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு பெரியவளை நிமிர்ந்து பார்த்தார்.

“பழைய கம்பெனி வாசல்ல நின்னுட்டிருந்தேன்மா,” என்றார். “இந்தப் பொண்ணை நம்பி வந்தது தப்பாப் போச்சு, என்னைத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கங்கன்னு கேக்கறதுக்கு.”